லாபம், ரெண்டு, மூணு

ராசாங்கத்தின் வாயில் ஒன்று என்ற எண் மட்டும் வராது. எண்ணத் தெரியாதவர் இல்லை. குன்னத்தில் ஒரு தானிய மண்டியில் இளவயசிலிருந்து சோளமும் கம்பும் மரக்காலில் அளந்து போட்டவர். முதல் மரக்காலை 'ஒண்ணு' என்று சொல்லித் தொடங்கினால் அந்தக் குவியல் விருத்தியாகாது என்பது அளக்கிறவர்கள் நம்பிக்கை. அதனால் முதல் மரக்கால் 'லாபம்'. அதற்கப்புறம்தான் ரெண்டு, மூணு. மண்டி படுத்துப்போய், பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில் இருந்த மாத்திரைக் கம்பெனியில் தினக்கூலியாக வந்து சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. சீசாவை எண்ணினாலும் லாபம், துடைக்கிற துணியை எண்ணினாலும் லாபம்.

அஃப்ரினுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. லெப்பைக்குடிக்காட்டில் அவள் அத்தாவின் கடையிலும் முதல் படி லாபம்தான். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு அந்தக் கம்பெனியின் லேபில் மாத்திரைகளைச் சோதித்துப் பார்க்கிற வேலைக்கு வந்திருந்தாள். ஒரு பேட்ச் மாத்திரையில் மருந்து சரியான அளவில் இருக்கிறது என்று அவள் சொன்னால்தான் அந்தப் பெட்டிகள் வெளியே போகலாம்.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் அந்த லேபுக்கு ஒரு ரோபோக் கை வந்தது. ஐதராபாத்தில் ஏதோ பெரிய கம்பெனி பயன்படுத்திவிட்டுத் தள்ளியதை மேனேஜர் ஆரோக்கியசெல்வம் வாங்கிக்கொண்டு வந்தார். கண்ணாடிக் கூண்டுக்குள் அது நின்றது. தட்டில் வரிசையாகக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் மாத்திரையைக் கரைத்த சின்னச் சீசா. கை ஒவ்வொன்றாக எடுத்துக் குலுக்கி, பக்கத்தில் இருந்த கருவிக்குக் கொடுக்கும். கருவி கம்ப்யூட்டரில் ஒரு கோடு போடும். மருந்து இருந்தால் கோடு ஓர் இடத்தில் எழும்பி இறங்கும். எவ்வளவு உயரம் எழும்புகிறதோ அவ்வளவு மருந்து. லேபில் அதைப் பீக் என்பார்கள்.

அதற்கு முன்னால் இதையெல்லாம் நான்கு பெண்கள் கையால் செய்துகொண்டிருந்தார்கள். கை வந்ததும் மூன்று பேரை அனுப்பிவிட்டார்கள். கம்ப்யூட்டரைச் சீக்கிரம் கற்றுக்கொண்ட பாவத்துக்கு அஃப்ரின் மட்டும் மிஞ்சினாள். போன மூவரில் யாரையாவது பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் துப்பட்டாவை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்துவிடுவாள்.

கையை ஓட்டிக் காட்டிய முதல் நாள் ஆரோக்கியசெல்வம் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்திவைத்துப் பேசினார். ஏலாக்குறிச்சிப் பக்கத்து வாத்தியார் வீட்டுப் பிள்ளை. பேச்சு கறாராக இருக்கும். "மெஷின் தப்பு பண்ணாது. இங்க தப்புன்னு வந்தா, அன்னைக்கு ஆள்தான் போகணும்" என்றார்.

அந்தச் சொல் அஃப்ரின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. லேபில் மிச்சமிருந்த ஆள் அவள்தானே. கணவன் தவ்ஹீத் ஷார்ஜாவில் இருந்தான். மாமியார் ஜைனம்புக்கு மருமகள் பஸ் ஏறி வேலைக்குப் போவது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. தவ்ஹீத் போனிலேயே பேசிப் பேசி ஒரு சமாதானம் செய்துவைத்திருந்தான்: இந்த வேலை இருக்கிறவரை போகட்டும், இது போனால் வேறு வேலை தேடக்கூடாது. படித்த படிப்பு முழுக்க அந்த ஒரு வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வேலையை அவள் எவ்வளவு விரும்பினாள் என்பது அவளுக்கும் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்கும்தான் தெரியும்.

கூண்டுக்குள் சீசாக்களை அடுக்குவது ராசாங்கம். கம்ப்யூட்டர் கூண்டுக்கு வெளியே சுவரைப் பார்த்து இருந்ததால், அஃப்ரின் அவருக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டும். பழைய தட்டு, துடைத்துத் துடைத்துக் குழி நம்பரெல்லாம் அழிந்துவிட்டது. ஆகவே அவர் ஒவ்வொரு சீசாவாக வைத்துக்கொண்டே சத்தமாக எண்ணுவார், அவள் அந்தந்தக் குழிக்கு நேரே பேட்ச் நம்பரைத் தட்டுவாள். முதல் குழியில் எப்போதும் மருந்தே சேர்க்காத வெறும் கரைசல். கருவி சுத்தமாக இருக்கிறது என்று காட்டுவதற்காக. அது ஓடும்போது கம்ப்யூட்டரில் கோடு எழும்பாமல் படுத்தே கிடக்க வேண்டும். புத்தகத்தில் அதற்குப் பிளாங்க் என்று பெயர். இவர்கள் லேபில் அதன் பெயரே லாபம் ஆகிவிட்டது. "லாபம் கலக்கியாச்சா" என்பாள் அஃப்ரின். லேபின் தலைவர் வேணுகோபால்கூட, "இந்த மாசம் லாபம் ரொம்பச் செலவாகுது" என்று சிரிக்காமல் சொல்லுவார். விளையாட்டாக ஒட்டிக்கொண்ட பெயர்தான்.

கை வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை வலிப்பு மாத்திரை. சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற சரக்கு. அன்று சாயங்காலத்துக்குள் திருச்சி கோடவுனில் இறங்க வேண்டும். வலிப்பு மாத்திரை விளையாட்டுச் சாமான் இல்லை. மருந்து குறைந்தால் வலிப்பு நிற்காது. கூடினால் தலை கிறுகிறுக்கும், கால் பின்னும், நினைவு தப்பும். காலையில் முதல் தட்டு ஓடியது. லாபமும் ஆறு பேட்சும், எல்லாம் சரி. இரண்டாவது தட்டுக்கு நாற்பத்தொன்றாம் பேட்சிலிருந்து நாற்பத்தாறு வரை. ராசாங்கம் உள்ளே நின்று "லாபம்" என்று ஆரம்பித்தார். அஃப்ரின் முதல் குழிக்குப் பிளாங்க் என்று தட்டினாள். ரெண்டுக்கு நாற்பத்தொன்று, மூணுக்கு நாற்பத்திரண்டு. வரிசை எப்போதும் அதேதானே என்று அவள் விரல்கள் அவர் வாயை முந்திக்கொண்டு ஓடின. வெளியே ரெட்டிபாளையத்துக்குப் போகிற சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று சன்னல்களை அதிரவைத்துக்கொண்டு போனது. ஆறு பேட்ச், அவர் குரலும் ஆறு என்றுதான் முடிந்தது. காது திருப்திப்பட்டுவிட்டது.

முடிவு வந்தபோது ஐந்து பேட்ச் சரி. நாற்பத்துநாலில் மட்டும் மருந்து ஒன்றரைப் பங்கு. அந்தப் பெட்டிகளுக்குச் சிவப்பு லேபிள் ஒட்டி ஓரங்கட்டினார்கள். நாற்பத்துநாலைக் கலந்தவள் கமலவேணி. கலவைப் பிரிவில் பழம் தின்று கொட்டை போட்டவள். அவள் லேப் வாசலில் வந்து நின்று, தன் கையால் நிறுத்துப் போட்டது, கூட இருக்க வழியே இல்லை என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். "நான் சொல்லலக்கா, மெஷின் சொல்லுது" என்று அஃப்ரின் சொல்லிவிட்டாள். அதற்குமேல் யார் பேச முடியும்? கமலவேணியை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். மற்ற பேட்சுகளை லாரியில் ஏற்ற ஆரம்பித்தார்கள்.

மதியம் சாப்பிட்டு வந்து, கருவி கக்கிய தாள்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள் அஃப்ரின். ஒவ்வொரு தட்டுக்கும் முதல் தாள் லாபத்தின் தாள். வெறும் கோடு. அதை யாரும் பார்ப்பதில்லை. புரட்டித் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். அவளும் புரட்டித்தான் தள்ளினாள். தள்ளிய தாளில் என்னவோ உறுத்தி, திரும்ப எடுத்தாள்.

இரண்டாவது தட்டின் வெறும் கரைசலில் முழுசாக ஒரு பீக் நிமிர்ந்து நின்றது.

அழுக்குச் சீசாவாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். அழுக்கு இவ்வளவு உயரமாக, இவ்வளவு நேர்த்தியாக எழும்பாது. அது ஒரு மாத்திரையின் அளவு. கூண்டைத் துடைத்துக்கொண்டிருந்த ராசாங்கத்தைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, காலையில ரெண்டாவது தட்டுல லாபம் வச்சீங்களா?"

"வச்சேனேம்மா. லாபத்துல நாப்பத்தொண்ணு, ரெண்டுல நாப்பத்திரெண்டு..."

அவள் தாளை அவர் முன்னால் நீட்டினாள். வெறும் கரைசல் எங்கே என்று கேட்டாள். வேணு சார்தான், அதே மருந்துதானே, காலையில் ஓட்டியதே போதும், கரைசலை வீணாக்காதே என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனாராம். அவளிடமும் சொல்லியிருப்பார் என்று இவர் நினைத்துக்கொண்டார். ஆகவே முதல் குழியிலேயே முதல் பேட்சை வைத்தார். முதல் குழி என்றால் அவருக்கு லாபம். அவளுக்கோ லாபம் என்றால் வெறும் சீசா.

ஒரு குழி. ஒரே ஒரு குழி தள்ளிப்போயிருந்தது. ஒவ்வொரு பேட்சின் பெயரிலும் அதற்கு அடுத்த பேட்சின் அளவு உட்கார்ந்திருந்தது. கடைசியில் ஏழாவது குழி காலியாக இருந்திருந்தால் கை அப்போதே கூவியிருக்கும். அதில் முதல் தட்டின் பழைய சீசா எடுக்கப்படாமல் கிடந்தது. கை அதையும் நல்ல பிள்ளையாக எடுத்துக் குலுக்கிக் கொடுத்துவிட்டது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது இதுதான். நாற்பத்துநாலு நல்ல பேட்ச். கெட்டது நாற்பத்தைந்து. நாற்பத்தைந்து கீழே லாரியில் ஏறிக்கொண்டிருந்தது.

அஃப்ரின் யோசித்தாள். உண்மையைச் சொல்ல வேண்டும், அது சரி. சொன்னால் தப்பு யாருடையது என்று கேட்பார்கள். ஏழு குழிக்குப் பெயர் தட்டிவிட்டு ஆறு குரலை மட்டும் கேட்டது அவள். அப்போது அந்த முள் தைத்தது: ஆள்தான் போகணும். ஜைனம்பு மாமி முகமும் தவ்ஹீத் குரலும் ஒன்றாக வந்து நின்றன. பேசாமல் தாளை மடித்துவைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று ஒரு எண்ணம் வந்ததும் உண்மை. வந்த வேகத்தில் அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. யா அல்லாஹ் என்று முணுமுணுத்துக்கொண்டு, தாளை எடுத்துக்கொண்டு வேணுகோபாலின் அறைக்கு நடந்தாள்.

வேணுகோபால் தாளைப் பார்த்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் நெருப்பென்றால் வாய் வெந்துவிடுமோ என்று பயப்படுகிற ரகம். வெறும் கரைசல் வேண்டாம் என்று தான் சொன்னது ஞாபகம் வந்தது அவர் முகத்திலேயே தெரிந்தது. அதைப் பற்றி அவர் பேசவில்லை. இருவரும் மேனேஜரிடம் போனார்கள்.

ஆரோக்கியசெல்வம் நின்றபடியே கேட்டார். மெஷின் சரி என்று சொன்ன சரக்கை ஒரு சந்தேகத்துக்காக இறக்க முடியாது, இன்று கோடவுனில் இறங்காவிட்டால் ஆர்டரே போய்விடும் என்றார். பிறகு, ஏற்றி முடிக்கிறவரை நேரம் தருகிறேன், அதற்குள் அதே மெஷினில் ஓட்டிக் காட்டுங்கள், காட்டாவிட்டால் லாரி கிளம்பிவிடும் என்று முடித்துவிட்டார்.

ராசாங்கம் கீழே ஓடி, ஏற்றிய பெட்டி ஒன்றைப் பிரிக்கச் சொல்லி லோடுமேன்களிடம் மல்லுக்கட்டி, நாற்பத்தைந்தில் ஒரு கைப்பிடி மாத்திரை கொண்டுவந்தார். சிவப்பு லேபிள் ஒட்டிய நாற்பத்துநாலிலும் எடுத்துவந்தார். அஃப்ரின் பொடித்தாள். தராசில் வைத்தாள். கடுகைப் பாதியாக நறுக்கினாலும் காட்டிக்கொடுக்கிற தராசு அது. ரோட்டில் சிமெண்ட் லாரி போனால் அதன் எண்கள் துள்ளும். அன்றைக்கென்று ஒன்றன்பின் ஒன்றாக லாரிகள். எண் நிற்கவே இல்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கீழே டமால் டமாலென்று பெட்டிகள் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒருவழியாக எண் நின்றது. கரைத்தாள், வடிகட்டினாள், சீசாக்களில் ஊற்றினாள். அவசரத்தில் ஒரு சீசா உருண்டு போய்க் கொட்டிவிட்டது. அந்த ஒன்றை மறுபடியும் முதலிலிருந்து.

ராசாங்கம் கூண்டுக்குள் போனார். இந்தத் தடவை அஃப்ரின் முதுகைத் திருப்பவில்லை. கண்ணாடியில் முகம் ஒட்டுகிற மாதிரி நின்று பார்த்தாள். வெறும் கரைசல் சீசாவை முதல் குழியில் வைத்தவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். எந்தச் சொல்லைச் சொல்வது என்று அவருக்கே தெரியவில்லை. அடுத்த இரண்டு சீசாக்களையும் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

கை கிளம்பியது. அவசரம் என்றால் என்னவென்று தெரியாத ஜன்மம் அது. முதலில் ஊசியைக் கழுவும். மறுபடியும் கழுவும். அப்புறம் நிதானமாகத் தட்டுக்கு மேல் வந்து, ஏதோ மறந்துபோன மாதிரி ஒரு கணம் நிற்கும். வேறு நாளாக இருந்தால் அந்த நிதானம் அஃப்ரினுக்குப் பிடிக்கும். இன்று அதன் முழங்கையைப் பிடித்துத் தள்ளிவிடலாமா என்றிருந்தது.

வெறும் கரைசல் ஓடியது. கோடு படுத்தே கிடந்தது. அடுத்ததைத் தூக்கப் போகும்போது கரண்ட் போயிற்று. கை அந்தரத்தில் நின்றது. ஜெனரேட்டர் பிடித்துக்கொள்வதற்குள் அஃப்ரினுக்கு ஒரு யுகம் போனது. கரண்ட் வந்ததும் கை விட்ட இடத்திலிருந்து தொடருமா? தொடராது. தன் மூலைக்குத் திரும்பிப் போய், ஊசியைக் கழுவுவதிலிருந்து மறுபடி ஆரம்பித்தது. கீழே லாரியின் பின்கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

வேணுகோபால் அவள் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சீசாவ ராசாங்கம் மாத்தி வச்சுட்டாருன்னு சொல்லிடுங்கம்மா. பாதி உண்மைதானே. அவரு தினக்கூலி, எங்க போனாலும் பொழச்சுக்குவாரு. நீங்க போனா போனதுதான்."

"அவரு சரியாத்தான் சார் வச்சாரு. வெறும் கரைசல் வேணாம்னு நீங்க சொன்னீங்க. நாந்தான் கேக்காம தட்டிட்டேன்."

வேணுகோபால் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

நாற்பத்துநாலு ஓடியது. கோடு எழும்பி, சரியான உயரத்தில் அடங்கி இறங்கியது. மேனேஜர் வந்து பின்னால் நின்றதை அஃப்ரின் உணர்ந்தாள். கீழே லாரி இஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. கை நாற்பத்தைந்தைத் தூக்கியது; குலுக்கியது; கொடுத்தது. கோடு கொஞ்ச நேரம் தரையோடு தரையாக ஊர்ந்தது. பிறகு எழும்பியது. எழும்பிக்கொண்டே போனது. நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி, திரையின் மேல் விளிம்பை முட்டிக்கொண்டு நின்றது.

ஆரோக்கியசெல்வம் சுவரில் இருந்த போனை எடுத்து, லாரியை விடாதே, கேட்டைப் பூட்டு என்று வாட்ச்மேனிடம் சொன்னார். இஞ்சின் சத்தம் அடங்கியது. எந்த ஊர் ஆஸ்பத்திரியிலோ எந்தத் தாயோ பிள்ளைக்குக் கொடுக்க இருந்த மாத்திரை கீழேயே நின்றுவிட்டது. தன் கதி என்னவானாலும் ஆகட்டும் என்று அஃப்ரினுக்கு மனசு லேசாகிவிட்டது.

நாற்பத்தைந்தைக் கலந்தவர்களை விசாரிக்கச் சொன்னார் மேனேஜர். கமலவேணி வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டுக்கொள்ளச் சொன்னார். பிறகு தன் அறையில் மூவரையும் நிற்கவைத்து எப்படி நடந்தது என்று கேட்டார். வேணுகோபால் தரையைப் பார்த்தார். ராசாங்கம் கதவோரம் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அஃப்ரின் சொன்னாள். லாபம் என்ற சொல் எப்படி இரண்டு பேருக்கு இரண்டு அர்த்தமாயிற்று என்பதைச் சொன்னாள். தான் முந்திக்கொண்டு தட்டியதைச் சொன்னாள். வெறும் கரைசல் வேண்டாம் என்று யார் சொன்னது என்பதையும் சொன்னாள். தப்பு தன்னுடையது என்று முடித்தாள்.

ஆரோக்கியசெல்வம் கேட்டுக்கொண்டார். நீங்கள் வந்து சொன்னது நல்லது, இல்லாவிட்டால் கம்பெனியையே இழுத்து மூடியிருப்பார்கள் என்றார். இனிமேல் இந்த லாபம் கீபமெல்லாம் லேபுக்குள் கேட்கக்கூடாது, ஒன்று என்றால் ஒன்று, தட்டையும் ஸ்டாஃபே அடுக்க வேண்டும் என்றார். அப்புறம் கதவுப் பக்கம் திரும்பினார்.

"ராசாங்கம், இன்னைக்குக் கூலிய வாங்கிட்டுப் போயிடுங்க. நாளையிலேருந்து வரவேணாம்."

அஃப்ரினுக்கு முதலில் காதில் விழுந்தது புரியவில்லை. "சார், தப்பு என்னோடது. நாந்தானே போகணும்?"

மேனேஜர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "நீங்க ஏம்மா போறீங்க? நீங்க ஸ்டாஃப். லைசென்ஸுல உங்க பேரு இருக்கு. ஆள்தான் போகணும்னு அன்னைக்கே சொன்னேனே."

ஆள். பருத்தி எடுக்க ஆள் விட்டாச்சா, வெங்காயம் நோண்ட ஆள் கிடைக்கலியா என்று அந்தச் சீமையில் பிறந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற சொல். ஆள் என்றால் யார் என்பது பச்சைப்பிள்ளைக்குத் தெரியும். அவளுக்குத்தான் தெரியாமல் போயிற்று. ஒரு வருஷமாகத் தனக்கென்று நினைத்துப் பயந்து செத்துக்கொண்டிருந்த சொல் அவளைக் குறித்ததே இல்லை. அவள் இழப்பதற்குத் துணிந்து எல்லாவற்றையும் சொன்னாள். இழந்தவர் கதவோரம் நின்றார். இங்கேயும் ஒரு குழி தள்ளித்தான் விழுந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் விடவில்லை. வாதாடினாள், கெஞ்சினாள். மருந்து இன்ஸ்பெக்டர்கள் வந்தால் நடவடிக்கை எடுத்தோம் என்று காட்ட ஒன்று வேண்டும், அதற்குமேல் பேசிப் பிரயோஜனமில்லை என்று சொல்லிவிட்டு மேனேஜர் போனை எடுத்துத் திருச்சிக்குப் பேச ஆரம்பித்தார். வேணுகோபால் அப்போதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எய்தவன் இருக்க அம்பை நோகிறது உலக வழக்கம். எய்தவன் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் தாங்க முடியாதது.

ராசாங்கம் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டிருந்தார். அஃப்ரின் வெள்ளைக் கோட்டோடு ஓடிப்போய் ரோட்டோரத்தில் பிடித்தாள். அவர் பெரம்பலூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். சுண்ணாம்புத் தூசி அவர் தலைமுடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. நான் உங்கள் பேரைச் சொல்லவில்லை அண்ணே என்றாள்.

"தெரியும்மா. உள்ளதானே நின்னுக்கிட்டு இருந்தேன்."

"நானும் வேலைய விட்டு நின்னுர்றேண்ணே. நாளைக்கு வரமாட்டேன்."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இருந்தது. அது அவள்மேல்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நீங்க நின்னா எனக்கு அதுல என்னம்மா லாபம்?"

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவர் காதில் விழுந்தது போலிருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஸ் வந்தது. ஏறிப் படிக்கட்டிலேயே நின்றுகொண்டார். அவள் கையை உயர்த்தினாள், அவர் பார்க்கவில்லை.

மற்ற பேட்சுகள் மறுநாளாவது போயாக வேண்டும் என்று அன்று பொழுது சாய்வதற்குள்ளேயே எல்லாவற்றையும் மறுபடி ஓட்டச் சொல்லிவிட்டார் மேனேஜர். புது ஏற்பாட்டின்படி கம்ப்யூட்டரில் வேணுகோபால் உட்கார்ந்தார். அஃப்ரின் கூண்டைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். வீட்டில் ஜைனம்பு மாமி ஏன் தாமதம் என்று கேட்பாள். வேலை இருந்தது என்று சொல்லலாம். வேலை இருக்கத்தானே செய்கிறது. கை தன் மூலையில் ஒடுங்கி நின்றது. இவ்வளவு நாள் வெளியிலிருந்தே பார்த்த தட்டு, பக்கத்தில் பார்க்கும்போது சின்னதாக இருந்தது. தேய்ந்துபோன குழிகளின் விளிம்பில் ராசாங்கம் துடைத்த துணியின் நூல் ஒன்று ஒட்டியிருந்தது.

வெறும் கரைசல் சீசாவை எடுத்தாள். நாக்கு நுனிவரைக்கும் அந்தச் சொல் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, சீசாவை முதல் குழியில் வைத்தாள்.

"ஒண்ணு" என்றாள்.

வெளியே வேணுகோபால் முதுகைக் காட்டியபடியே கேட்டார். "ஒண்ணுல என்னம்மா இருக்கு?"

"ஒண்ணுமில்ல சார்."